உட்கார்ந்தால் வலி: பாகூரிலிருந்து நாந்த் வரை

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் யாருக்காவது உட்காரும் இடத்தில் எரிச்சலும் குத்தலும் வந்தால், வைத்தியரிடம் போவதற்கு முன்பே திண்ணையில் தீர்ப்பு வந்துவிடும்: மூலச்சூடு. மோர் குடி, கோழிக்கறியை நிறுத்து, விளக்கெண்ணெய் தடவு. பெண்ணாக இருந்தால் பிள்ளை பெற்ற உடம்பில் வாயு பிடித்திருக்கிறது என்பார்கள். இரண்டிலும் சேராத ஒன்று உண்டு. நின்றால் வலி அடங்கும், படுத்தால் தூக்கம் வரும். பஸ்ஸிலோ பெஞ்சிலோ உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நெருப்பு வைத்தது போலாகிவிடும். இடுப்புக்குழியின் அடிவழியாக ஓடும் பியூடெண்டல் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது இது. ஆசனவாய், பிறப்புறுப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். வெட்கத்தால் வெளியே சொல்லப்படாத இந்த நோயை அடையாளம் காண மருத்துவ உலகம் விதிகளை வகுத்து வெளியிட்டதே 2008இல்தான். வலி மட்டும் பழையது.

இந்த வலிக்கு அந்தக் காலத்துப் பாகூரில் வைத்தியம் இருந்திருக்குமா? பாகூருக்குப் பெரிய கல்விப் பெருமை இருக்கிறது. இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9ஆம் நூற்றாண்டில் மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அங்கே பதினான்கு வித்தைகள் வளர்ந்தன என்றதும், அந்தக் காலத்திலேயே பாகூரில் மருத்துவக் கல்லூரி என்று நீட்டிச் சொல்ல ஆசை வரும். அடக்கிக்கொள்வது நல்லது. பதினான்கு என்ற வழக்கமான கணக்கில் நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், தர்மசாத்திரம், புராணம் ஆகியவை மட்டுமே வரும். ஆயுர்வேதம் இடம்பெறுவது பதினெட்டு என்று எண்ணும் பட்டியலில். வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில், ராஜாதிராஜ சோழன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. அங்கும் வேதமும் இலக்கணமும்தான் முதன்மை.

படுக்கை போட்ட மருத்துவமனை வேண்டுமென்றால் வடக்கே பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டின்படி அங்கிருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள் அதில் இருக்கின்றன. வாத வலிக்கு விளக்கெண்ணெய் எடுத்து வரும் பாகூர்ப் பாட்டியின் கைவைத்தியத்துக்குக் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வயது.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் (நிர்வாகப் பிரிவுகளின்) கிராமங்களில் அந்தப் பழைய அறிவைச் சுமந்தவர்கள் நாட்டு வைத்தியர்கள். யூகி முனிவர் பெயரால் வழங்கும் சித்த மரபு வாத நோய்களை 80 என்று எண்ணுகிறது. நரம்பு வலிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் விழும். நொச்சி இலை ஒற்றடம், தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது), வர்மப் பிடி, இடுப்பளவு வெந்நீரில் உட்கார வைப்பது என்று வைத்தியம் போகும். இவற்றைச் சிரித்து ஒதுக்க முடியாது. இந்த நோயில் இடுப்புக்குழியின் அடித்தசைகள் இறுகி நரம்பை மேலும் வாட்டுகின்றன. இன்றைய பிசியோதெரபிஸ்ட் அந்தத் தசைகளைத் தளர்த்தத்தான் பாடுபடுகிறார்; வெந்நீரில் உட்காரவும் சொல்கிறார். ஆனால் கடும் பேதி கொடுப்பதும், சூடு போடுவதும், என்ன கலந்தது என்று தெரியாத பற்பங்களும் வேறு கதை. அவற்றால் நரம்புக்கு நன்மை இல்லை. சிறுநீரகத்துக்கு ஆபத்து உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியனூரில் லூர்து அன்னைக்குக் கோயில் எழுந்தது. தீராத நோய்க்காரர்கள் சாதி மதம் பாராமல் அதன் குளத்தைத் தேடி வந்தார்கள். 1880இல் இந்தப் பகுதி கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. பழைய பள்ளியின் வழியில் 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி பிறந்து, 1964இல் ஜிப்மர் ஆனது.

இந்த வலியின் முடிச்சு அவிழ்ந்தது பிரான்சில்தான். பியூடெண்டல் நரம்பு செல்லும் குழாய்க்கு 19ஆம் நூற்றாண்டின் அயர்லாந்து உடற்கூற்றியலாளர் பெஞ்சமின் ஆல்காக்கின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அங்கே நரம்பு நெருக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1987இல் அமரென்கோவும் கூட்டாளிகளும் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் கண்டு எழுதினார்கள். பிறகு நாந்த் நகரத்தின் ரொபேர், லபா குழுவினர் இந்த நோயையே தங்கள் தொழிலாக்கிக்கொண்டார்கள். அவர்கள் முன்னின்று வகுத்த 2008ஆம் ஆண்டு விதிகள் ஐந்து. வலி அந்த நரம்பு ஆளும் இடத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் கூட வேண்டும். இரவில் வலி எழுப்பக் கூடாது. தொட்டுப் பார்த்தால் மரத்துப்போயிருக்கக் கூடாது. நரம்பருகே மரப்பு ஊசி போட்டால் வலி அடங்க வேண்டும். ஐந்தில் நான்கைக் கேள்வி கேட்டும் தொட்டுப் பார்த்துமே தெரிந்துகொள்ளலாம் என்பது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததாலேயே, எல்லாம் மனசு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் எதைச் செய்வது என்ற கேள்வியே வருகிறது. முதல் படி செலவில்லாதது: நெடுநேரம் உட்காராமல் இருப்பது, சைக்கிளை ஓரம் கட்டுவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, நடுவில் வெட்டிய மெத்தையில் உட்காருவது. அடுத்தது இடுப்புத் தசைப் பயிற்சி. அதன்பின் மாத்திரைகள். 1960களில் மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்குச் சிறு அளவில் இன்றும் கொடுக்கப்படுகிறது. வலிப்பு நோய்க்கு வந்த காபாபென்டினும் அப்படித்தான். ஆனால் காரணம் தெரியாத நாள்பட்ட இடுப்புக்குழி வலியுள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிடக் காபாபென்டின் மேலாக இல்லை. தலைச்சுற்றலும் தூக்கமும்தான் மிச்சம். அது நரம்பு நெருக்கத்துக்கென்றே நடந்த ஆய்வு அல்ல. என்றாலும் மாதக்கணக்கில் விழுங்கியும் பலன் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவதில் தப்பில்லை.

ஊசியின் கதையும் இப்படித்தான். மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்தால் நெடுநாள் நிற்கும் என்று பலரும் நம்பினார்கள். நாந்த் குழுவினரே 201 பேரிடம் சோதித்து, சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று 2017இல் வெளியிட்டார்கள். தாங்கள் பல ஆண்டுகள் செய்துவந்ததைத் தாங்களே பொய்யாக்கிய நேர்மை அது. ஊசி நோயைக் காட்டிக்கொடுக்கும். தீர்த்துவைக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது.

கடைசிப் படி கத்தி. புட்டத்தின் வழியாகச் சென்று நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டி விடுவிக்கும் அறுவையை அதே குழு 32 பேரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டது. ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 71 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், செய்யாதவர்களில் 13. கேட்க இனிக்கும் எண்தான். ஆனால் 32 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். மற்ற வைத்தியங்கள் எல்லாம் தோற்றவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். முன்னேற்றம் என்றால் முழுக் குணம் என்று பொருளல்ல. விடுவித்த நரம்பு தேற மாதங்கள் ஆகும், வெட்டிய தசைநார் திரும்பி வராது. எனவே முதலில் கத்தியைக் காட்டுகிற இடத்தில் இரண்டாவது கருத்து கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்று பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூரிலிருந்து ஜிப்மருக்கு பஸ் தூரம்தான். சீட்டு வாங்கி உள்ளே போனதும் "மூலம்" என்று நீங்களே நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள். எங்கே வலிக்கிறது, உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறது, இரவில் எழுப்புகிறதா என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, அந்த இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அது இந்த நோயாக இல்லாமல் வேறு பெரிய கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.