ஒரு குழந்தையின் வாழ்க்கைக் குறிப்பு

'ஒரு குழந்தையின் வாழ்க்கைக் குறிப்பு' என்பது ஆங்கிலேய இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் (1809–1882) தம் தலைப்பிள்ளை வில்லியமின் முதல் மாதங்களைப் பற்றி எழுதிய கட்டுரை. 'மைண்ட்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழில் 1877 ஜூலையில் வெளிவந்தது. அச்சில் பத்துப் பக்கம்தான். ஆனால் அதற்கு ஆதாரமான குறிப்பேடு 37 ஆண்டு பழையது. குழந்தை தொட்டிலில் கிடந்தபோதே எழுதப்பட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எழுதியவர்கள் பலர் உண்டு. கண்ணால் கண்டது எது, தாமாக ஊகித்தது எது என்று இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்தவர்கள் குறைவு. கட்டுரையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

பின்னணி

வில்லியம் எராஸ்மஸ் டார்வின் 1839 டிசம்பர் 27 அன்று லண்டனில் பிறந்தார். வீட்டில் செல்லமாக 'டொடி' என்று அழைத்தார்கள். தந்தைக்கு அப்போது வயது 30. இனங்களின் தோற்றம் பற்றிய எண்ணங்களை வெளியே சொல்லாமல் ஏடுகளில் எழுதி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. நூல் வர இன்னும் இருபது ஆண்டு இருந்தது. திருமணத்துக்கு முந்தைய ஆண்டு, 1838இல், லண்டன் விலங்கியல் தோட்டத்தில் ஜென்னி என்ற ஒராங்குட்டான் குரங்கைப் பார்த்திருந்தார். காவலர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதும் ஜென்னி மல்லாந்து விழுந்து காலை உதைத்து அழுதது. அடம் பிடிக்கும் குழந்தையும் இப்படித்தானே செய்கிறது என்பது அவர் மனத்தில் தங்கிவிட்டது. கோபம், பயம், சிரிப்பு எல்லாம் கற்று வருபவையா, கூடவே பிறப்பவையா? இதைப் பார்க்க, இன்னும் யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காத ஓர் உயிர் வேண்டும். அது வீட்டிலேயே வந்து பிறந்தது.

குறிப்புகளில் ஒரு பகுதியை 1872இல் வெளியான, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் பயன்படுத்தினார். பிறகு பிரெஞ்சு அறிஞர் இப்போலிட் தேன் ஒரு பெண்குழந்தை பேசக் கற்றதைப் பற்றி எழுதியது 'மைண்ட்' இதழில் மொழிபெயர்ப்பாக வந்தது. அதைப் படித்ததும் பழைய ஏட்டைத் தேடி எடுத்தார்.

கண்டவை

முதல் ஏழு நாளில் தும்மல், விக்கல், கொட்டாவி, நெளிதல், பால் குடித்தல், வீறிடுதல் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. ஏழாம் நாள் உள்ளங்காலைக் காகிதத்துண்டால் தொட்டபோது, கிச்சுகிச்சு மூட்டப்பட்ட பெரிய பிள்ளையைப் போலக் குழந்தை காலை வெடுக்கென்று இழுத்து விரல்களை மடக்கிக்கொண்டது. ஒன்பதாம் நாள் மெழுகுவர்த்திச் சுடரில் பார்வை நின்றது. அதன்பின் வெகுநாள் வேறு எதிலும் நிற்கவில்லை. 49ஆம் நாள்தான் பளிச்சென்ற நிறக் குஞ்சம் ஒன்று கண்ணை இழுத்தது.

114ஆம் நாள் மிட்டாய் போட்ட அட்டைப்பெட்டியை முகத்தருகே குலுக்கினார், குழந்தை திடுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்டியது. அதே பெட்டியைக் காலியாக்கி ஆட்டியபோதும், வேறு பொருள்களை இன்னும் பக்கத்தில் ஆட்டியபோதும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணருகே சலசலப்பது ஆபத்து என்று அனுபவத்தில் கற்றிருக்க அந்த வயதில் வாய்ப்பில்லை. ஆகவே கண்ணைக் காக்கும் சிமிட்டல் கற்று வந்ததல்ல என்று முடிவு செய்தார். பாதி விளையாட்டாகத் தோன்றும் இச்சோதனையில், காலிப் பெட்டியையும் ஆட்டிப் பார்த்தாரே, அதுதான் அறிவியல்.

சிரிப்பை 45ஆம் நாளில் குறித்திருக்கிறார். நம் வீடுகளில் குழந்தை தூக்கத்தில் சிரித்தால் நரி விரட்டுகிறது என்பார்கள். முகம் பார்த்துச் சிரிப்பதை வேறாக வைத்துப் பேசுவார்கள். டார்வினும் வாய் கோணுவதையெல்லாம் சிரிப்பில் சேர்க்கவில்லை. கண் ஒளிர வேண்டும், இமை சற்றுச் சுருங்க வேண்டும். அப்படிப்பட்ட சிரிப்பு பெரும்பாலும் தாயைப் பார்க்கும்போதே வந்தது, எனவே அதற்கு மனம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். ஆறு வாரத்தை ஒட்டி முகம் பார்த்துச் சிரிப்பதையே இன்றைய குழந்தை மருத்துவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

கைகளைப் பற்றிய குறிப்புகள் மிக நுட்பமானவை. 77ஆம் நாள் குழந்தை பால் புட்டியை வலக்கையால் பற்றியது. இடக்கைக்கு அது கைவர இன்னும் ஒரு வாரம் ஆனது. ஆனாலும் வில்லியம் இடக்கைக்காரராகவே வளர்ந்தார். தாத்தா, தாய், ஒரு சகோதரர் ஆகியோரும் இடக்கைக்காரர்கள், எனவே அது பரம்பரையாக வந்தது என்கிறார் தந்தை. பிறகு கிடைத்ததையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் பருவம். தந்தையின் விரலைப் பிடித்து வாய்க்கு இழுக்கும்போது குழந்தையின் சொந்தக் கையே குறுக்கே நின்று சப்ப விடாமல் தடுக்கும். இதே 114ஆம் நாளில், விரலை இழுத்த பிறகு தன் கையை மெல்லக் கீழே நழுவவிட்டு, விரல் நுனியை வாயில் வைத்துக்கொண்டது. பலமுறை இப்படிச் செய்ததால் தற்செயல் இல்லை என்று கணக்கிட்டு, இதை அறிவு சார்ந்த செயலாகக் கொண்டார். எந்த அப்பாவும் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. தேதி போட்டு எழுதி வைத்தவர் அவர்.

நாலரை மாதத்தில் கண்ணாடியில் தெரிந்த தந்தையின் உருவத்தையும் தன் உருவத்தையும் பார்த்துச் சிரித்தது. பின்னாலிருந்து குரல் வந்ததும் திகைத்தது. இரண்டு மாதத்துக்குள், தந்தை ஓசையின்றி முகத்தைச் சுளித்தால் கண்ணாடியை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தது. ஒன்பதாம் மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. தன் பெயரையும் பிம்பத்தையும் குழந்தை இணைத்துக்கொண்டதாக டார்வின் எடுத்துக்கொண்டார். இங்கே அவர் சற்று அவசரப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். 1972இல் வெளியான பியூலா ஆம்ஸ்டர்டாமின் ஆய்வில், மூக்கில் சாயப்பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்ட குழந்தைகள் அது தங்கள் மூக்கு என்று அறிந்தது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில்தான்.

எல்லைகள்

எப்போது குப்புற விழுந்தது, எப்போது தவழ்ந்தது என்று நம் பாட்டிமார் முதலில் கேட்கும் கேள்விகளில் டார்வினுக்கு அவ்வளவு நாட்டமில்லை. சொன்ன நாட்களும் முக்கியமாக ஒரு குழந்தையின் நாட்கள். தம் மற்றப் பிள்ளைகளோடு சில இடங்களில் ஒப்பிட்டாலும் அது பொது அளவாகாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுகளில், பிடிமானமின்றி உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதம் வரை நீள்கிறது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம் வரை. நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலே நடந்துவிட்டன. அடுத்த வீட்டுக் குழந்தையைக் காட்டி இளம் தாய்மாரைக் கலங்க வைப்பவர்கள் இந்த இடைவெளியின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வகை எழுத்துக்கு டார்வின் முதல்வரும் அல்லர். ஜெர்மானியர் டீட்ரிஷ் டீடமான் 1787இலேயே தம் மகனைப் பற்றி எழுதியிருந்தார். 1882இல் வில்லியம் பிரையர் தம் மகனின் முதல் மூன்றாண்டுகளைக் கொண்டு பெரிய நூலே செய்தார். அமெரிக்காவில் மிலிசென்ட் ஷின் தம் சகோதரர் மகளைப் பற்றி எழுதிய நூல் 1900இல் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் ழான் பியாஜே தம் மூன்று பிள்ளைகளைக் கவனித்தே குழந்தை அறிவின் படிநிலைகளை வகுத்தார்.

மூலக் குறிப்பேடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் மனைவி எம்மாவின் கையெழுத்தும் உண்டு. பிற்காலப் பதிவுகள் சில அவர் எழுதியவை. அச்சான கட்டுரையில் டார்வின் பெயர் மட்டுமே இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1841இல் பிறந்த மகள் ஆனி பற்றிய பதிவுகளும் அந்த ஏட்டில் இருக்கின்றன. அவள் பத்து வயதில், 1851இல் இறந்தாள். கட்டுரை வெளிவந்தபோது வில்லியமுக்கு வயது 37. சவுத்தாம்ப்டன் நகரில் வங்கியாளராக இருந்தார். 1914இல் காலமானார்.