துயர் கேட்போருக்குத் துணை யார்? உளமருத்துவ மேற்பார்வை வளர்ந்த வரலாறு

மேற்பார்வை என்னும் சொல் நம் தோட்ட மக்களின் செவிக்கு இனிய சொல்லன்று. கண்காணிப்பவன் கங்காணியானான்; அவனுக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை. ஆசிரியர்களாகிய நமக்கோ அச்சொல் நாசிரின் வருகையையும், பயிற்சிக் காலத்தில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிய விரிவுரையாளரையும் நினைவூட்டும். ஆனால் பிறர் துயரைக் கேட்டு ஆற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், தங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று தாங்களே கேட்கின்றனர்; அவர் இல்லாமல் பணி செய்ய அஞ்சுகின்றனர். ஒரே சொல் இப்படி வேறு பொருள் பெற்ற கதை ஏறக்குறைய நூறாண்டுக் கதை. ஈண்டு உளமருத்துவர் என்று நான் கூறுவது மருந்து கொடுப்போரை மட்டுமன்று. உரையாடலால் உள்ளத்தின் நோய் தீர்க்க முயலும் அனைவரையும் குறிக்கும்.

முதல் உலகப் போரில் தொடங்குவோம். ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் என்னுமிடத்தில், போர் அதிர்ச்சியால் மனங்கலங்கிய படை அதிகாரிகளுக்கென 1916 அக்டோபரில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றியவர்களுள் பெரும்பெயர் பெற்றவர் டாக்டர் வில்லியம் ரிவர்ஸ் (1864-1922). இப்பெயர் தமிழ்நாட்டுக்கு முற்றும் அயலானதன்று. 1901-02இல் நீலகிரிக்கு வந்து, தோடர்களிடையே ஆராய்ச்சி செய்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட மானிடவியல் அறிஞர் இவரே. அந்நூலை அறிந்தோருள் பலர் இவருடைய போர்க்காலப் பணியை அறியார்.

போரின் கொடிய நினைவுகளை அடக்கி மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்பது ரிவர்ஸின் கொள்கை. இதனை 1917 டிசம்பரில் இலண்டன் மருத்துவர் அவையொன்றில் கட்டுரையாகப் படித்தார். அடுத்த பிப்ரவரியில் ‘லான்செட்’ ஏடு அதனை வெளியிட்டது. அதில் ஓர் இளம் அதிகாரியைப் பற்றிய செய்தி வருகிறது. குண்டு வெடிப்பில் தூக்கி எறியப்பட்ட அவர், இறந்து பல நாளாகி வீங்கிக் கிடந்த ஜெர்மானியப் போர்வீரன் ஒருவனின் உடல்மேல் முகம் பதிய விழுந்தார். அதன் பின் அந்த நாற்றமும் சுவையும் அவரை விடவில்லை. எந்தத் துன்ப நினைவிலும் மனம் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒரு நல்ல கூறு இருக்கும், அதைக் காட்டி ஆற்றலாம் என்று நம்பியவர் ரிவர்ஸ். இந்த நினைவில் அப்படி ஒன்றையும் காண இயலவில்லை என்று ஒளியாமல் எழுதினார். அந்த அதிகாரி படையிலிருந்து விலகி, முன்பு தமக்கு ஆறுதல் தந்த நாட்டுப்புறத்தை நாடுவதே நலம் என்று முடிவாயிற்று.

இத்தகைய செய்திகளை நாள்தோறும் கேட்டவரின் நிலை என்ன? 1917 ஆகஸ்டில் ரிவர்ஸே களைத்து விடுப்பில் செல்ல நேர்ந்தது. தம் கனவுகளை அவர் எழுதி ஆராய்ந்து வந்தார். அவர் மறைந்த பின், 1923இல் அவை நூலாயின. அவற்றுள் ஒன்று, போரை எதிர்த்து அறிக்கை விட்டு அம்மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கவிஞர் சீக்பிரீட் சசூனைப் பற்றியது. சசூனின் மனத்தை மாற்றி மீண்டும் கடமைக்கு அனுப்புவதே ரிவர்ஸுக்கு இடப்பட்ட பணி. மாற்றப் புகுந்த நானே அவர் கருத்துக்கு மாறிவிட்டால் என்ன ஆகும் என்னும் எண்ணம் அக்கனவின் அடியில் இருந்ததை ரிவர்ஸ் ஒப்புக்கொள்கிறார். அரசின் சீருடை அணிந்த மருத்துவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? அக்கலக்கத்தைக் கேட்பதற்கென்று தொழில்முறையில் அமைந்த துணை எதுவும் அந்நாளில் இல்லை. கனவையும் கண்டு, அதற்கு உரையும் தாமே எழுதிக்கொண்டார்.

போர் முடிந்ததும் 1920 பிப்ரவரியில் பெர்லின் நகரில் மாக்ஸ் ஐட்டிங்கோன் என்பார் ஓர் உளப்பகுப்பு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். பணம் கொடுக்க இயலாதவர்க்கும் அங்குச் சிகிச்சை கிடைத்தது. அவருடன் நின்ற ஏர்ன்ஸ்ட் ஸிம்மெல் போர் நரம்பு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய படை மருத்துவர். கற்றுக்குட்டிகள் நோயாளியைப் பார்ப்பதானால் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில்தான் பார்க்க வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கேதான் உறுதிப்பட்டது. மாணவர் முதலில் தாமே பகுப்புக்கு உட்பட வேண்டும், பாடம் கேட்க வேண்டும், பின் மேற்பார்வையில் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மூன்று படிகள் வகுத்தனர். மேற்பார்வை செய்பவரும் மாணவரைப் பகுப்பவரும் ஒருவராக இருத்தலாகாது என்பது பெர்லினின் விதி.

புடாபெஸ்ட் நகரத்தார் இதற்கு மறுப்புரைத்தனர். நோயாளியைக் கேட்கையில் மாணவர் உள்ளத்தில் எழும் வெறுப்பு, அச்சம், அளவுக்கு மீறிய இரக்கம் ஆகியவற்றை, அவர் உள்ளத்தை முன்பே அறிந்தவரால்தான் எளிதில் காண முடியும். ஆகவே முதல் நோயாளியைப் பற்றிய உரையாடல் மாணவரின் சொந்தப் பகுப்பாளரிடமே நிகழட்டும் என்றார் வில்மா கோவாச் அம்மையார். மேலோட்டமாகப் பார்த்தால் இது நிருவாகச் சண்டை போலத் தோன்றும். உண்மையில் மேற்பார்வை என்பது தேர்வா, துணையா என்னும் வழக்கு இங்கே தொடங்குகிறது. பயிற்சிக் கல்லூரி நாட்களை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் இடுபவர் வரும் நாளில் நாம் எத்துணை அழகிய பாடம் நடத்தினோம்! தடுமாறிப்போன பாடத்தை நம்முள் யார் அவரிடம் கொண்டு சென்றோம்?

புடாபெஸ்ட் மரபை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் கோவாச் அம்மையாரின் மருமகன் மைக்கேல் பாலிந்த் (1896-1970). 1939இல் மான்செஸ்டரில் குடியேறினார். அவ்வாண்டே மனைவி ஆலிசை இழந்தார். பின் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில், 1950ஆம் ஆண்டளவில், பொது மருத்துவர்களை வாரந்தோறும் கூட்டி வைத்துப் பேசச் செய்தார். குறிப்பேட்டைப் பாராமல், தம்மை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். நோயைக் காட்டிலும், அந்த நோயாளி வாயிலில் நுழைந்ததும் மருத்துவரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதே அங்குக் கேள்வி. மருத்துவரே ஒரு மருந்து, ஆனால் அம்மருந்தின் அளவையும் பக்க விளைவையும் எந்த நூலும் கூறவில்லை என்பது பாலிந்தின் கருத்து. 1957இல் வெளிவந்த அவருடைய நூல் பல நாடுகளில் இத்தகைய குழுக்கள் தோன்றக் காரணமாயிற்று. அக்குழுவில் மதிப்பெண் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் வேறு இருவரும் இவ்வழியைத் தெளிவாக்கினர். மருத்துவரின் எதிர் உணர்ச்சி மறைக்க வேண்டிய குறையன்று, நோயாளியை அறியும் கருவி என்று பாலா ஹைமன் அம்மையார் 1950இல் எழுதினார். நோயாளி மருத்துவரிடம் நடந்துகொண்ட முறையிலேயே, மருத்துவர் தம்மை அறியாமல் மேற்பார்வையாளரிடம் நடந்துகொள்வதுண்டு என்று அமெரிக்கரான ஹெரால்டு சேர்ல்ஸ் 1955இல் காட்டினார். கேட்டவர் துயரைச் சொல்லால் மட்டுமன்றித் தம் நடையாலும் சுமந்து வருகிறார் என்பது அதன் பொருள்.

துணை இல்லாவிடத்தில் என்ன நேரும் என்பதை 1960இல் இசபெல் மென்சீஸ் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது. இலண்டன் மருத்துவமனையொன்றின் தாதியரை அவர் ஆராய்ந்தார். நோயாளியைப் பெயரால் அழையாமல் படுக்கை எண்ணாலும் கெட்ட உறுப்பாலும் குறிப்பிட்டனர்; தூங்குபவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்தனர். கல்நெஞ்சம் அதற்குக் காரணமன்று. மரணத்தின் அருகிலிருந்து வரும் கலக்கத்தைத் தாங்க வழியில்லாமல், நிறுவனமே கட்டிக்கொண்ட வேலி அது.

வரலாற்றின் திருப்பம் அமெரிக்காவில் ஓர் இளம் பெண்மணியால் வந்தது. ஸாரா ஹேலி என்னும் சமூகப் பணியாளர் 1969 செப்டம்பரில் பாஸ்டன் நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியேற்றார். முதல் நாளிலேயே வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர் ஒருவரைச் சந்தித்தார். மை லாய் என்னும் ஊரில் தம் படையினர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றனர்; தாம் சுடவில்லை; வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாகத் தோழர்கள் மிரட்டினர் என்று அவர் நடுங்கினார். பணியாளர் கூட்டத்தில் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று முடிவு கட்டப்பட்டது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாமே என்றார் ஹேலி. மூத்தவர்கள் சிரித்தனர். 1968 மார்ச் 16இல் நடந்த அக்கொலைகள் பற்றிய செய்தி 1969 நவம்பரில்தான் பத்திரிகைகளில் வெளிவந்தது.

இங்குத் தோற்றது யார்? நோயாளி கூறியதைக் கேட்கத் துணிந்த ஒருவருக்கு, அதைத் தாங்கிக் கேட்க வேண்டிய மூத்தோர் செவி கொடுக்கவில்லை. அந்நாளில் அமெரிக்க மனநோய் அகராதியில் போரால் வரும் நோய்க்குத் தனிப்பெயரும் இல்லை. 1974இல் ஹேலி ஒரு மருத்துவ ஏட்டில் எழுதிய கட்டுரை, கொடுமை செய்த வீரர்கள் பேசும்போது கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. கேட்பவர் முதலில் தம் உள்ளத்தையே எதிர்நோக்க வேண்டும். அத்தகைய நெருக்கடியில், கொல்லத் தூண்டும் சூழலில், தாமும் கொன்றிருக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்க்க இயல வேண்டும் என்றார். அப்படிப்பட்ட எண்ணத்தோடு ஒருவர் தனியே வீடு செல்ல முடியுமா? நியூயார்க்கில் யாயெல் டானியெலி, யூதப் பேரழிவில் பிழைத்தவர்களைப் பார்த்த மருத்துவர்களிடம் பேசியபோதும் இதையே கண்டார். குற்றவுணர்வும் சினமும் நாணமும் தாங்காமல் பலர் அப்பேச்சையே தவிர்த்தனர். நோயாளியும் மருத்துவரும் கூடிக் கட்டிய மௌனம் அது.

1980இல் அந்நோய்க்கு அகராதியில் பெயர் கிடைத்தது. கேட்பவருக்கு வரும் கேட்டுக்குப் பெயர் கிடைக்க இன்னும் பத்தாண்டு சென்றது. பிறர் அனுபவத்தின் வழியாக வரும் உளக்காயம் என்று லிசா மக்கான், லாரி ஆன் பெர்ல்மன் இருவரும் 1990இல் அதற்குப் பெயரிட்டனர். இது வெறும் களைப்பன்று. உலகம் பாதுகாப்பானது, மனிதர் நம்பத்தக்கவர் என்னும் அடிப்படை எண்ணங்களே கேட்பவரிடம் மெல்ல மாறிவிடுகின்றன. சிறுமி ஒருத்தி பட்ட கொடுமையைக் கேட்டவர், தம் பிள்ளையை அண்டை வீட்டுக்கு அனுப்பவும் அஞ்சுகிறார். ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், இப்பணியைத் தனியாளாகச் செய்ய யாராலும் இயலாது என்று திட்டமாக உரைத்தார்.

இங்கிலாந்தில் பிரிஜிட் பிராக்டர் 1980களில் மேற்பார்வைக்கு மூன்று கடமைகளை வகுத்தார்: தொழில் நெறி காத்தல், திறன் வளர்த்தல், இழந்த வலுவை மீட்டுத் தருதல். மூன்றாவதே புதியது. 1989இல் பீட்டர் ஹாக்கின்ஸ், ராபின் ஷோஹெட் இருவரும் எழுதிய நூலில் ஓர் உவமை உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் உடலில் படிந்த கரியை வீட்டுக்குக் கொண்டு போகாமல், முதலாளியின் நேரத்திலேயே கழுவிக்கொள்ளும் உரிமைக்காக 1920களில் போராடினர். மேற்பார்வை என்பது அந்தக் கழுவும் நேரம் என்கின்றனர். காய்ந்த பாலும் அதன் வாடையும் வீடு வரை தொடர்ந்த பால்மரத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இன்று பிரிட்டனின் ஆலோசகர் சங்கம், பணியிலுள்ள உறுப்பினர் மாதம் ஒன்றரை மணி நேரமேனும் மேற்பார்வை பெற வேண்டும் என்று கேட்கிறது. பல்லாண்டு அனுபவம் உடையவருக்கும் விலக்கில்லை.

2001இல் மாக்சின் ஹாரிஸ், ரோஜர் பாலட் என்போர், உளக்காயம் பட்டோர்க்கான நிலையங்கள் பாதுகாப்பு, நம்பகம், தேர்வுரிமை, கூட்டுறவு, ஆற்றல் தரல் ஆகியவற்றின் மீது அமைய வேண்டும் என்றனர். அக்கொள்கையே பின்னர் மேற்பார்வை அறைக்குள்ளும் வந்தது. கொடுமையின் ஒவ்வொரு விவரத்தையும் சொல் என்று மேற்பார்வையாளர் வற்புறுத்துவதில்லை. எவ்வளவு சொல்வது என்பது சொல்பவர் விருப்பம். உறக்கம் எப்படி, அந்த நோயாளி வரும் நாளில் உடல் எப்படி இருக்கிறது, யாரைப் பார்க்க மனம் தயங்குகிறது என்று கேட்கிறார். பணியைத் தொடும் அளவோடு நின்று, மற்றதைச் சொந்தச் சிகிச்சைக்கு அனுப்புகிறார். பெர்லின், புடாபெஸ்ட் வழக்கு இங்கும் முடிந்தபாடில்லை. பல நிலையங்களில் சம்பள உயர்வுக்கு அறிக்கை எழுதுபவரே மேற்பார்வையாளர். அவரிடம் தம் தடுமாற்றத்தை முழுதும் சொல்பவர் அரியர். இந்த ஒன்றில் நான் பெர்லினின் பக்கமும் இல்லை, புடாபெஸ்டின் பக்கமும் இல்லை. மதிப்பெண்ணும் ஆறுதலும் ஒரே கையிலிருந்து வரக்கூடாது என்பதே என் எண்ணம்.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 250க்கு மேற்பட்ட சிகிச்சையாளர்களிடம் டெட் போபர், செரில் ரெகெர் இருவரும் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஓய்வு, மேற்பார்வை முதலியவற்றுக்கு ஒதுக்கிய நேரத்துக்கும் அவர்கள் உளக்காயத்தின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் துயருற்றோரைக் கேட்கிறார்கள் என்பதே காயத்தை முன்னறிவித்தது. காயப்பட்டவரிடம் இன்னும் நன்றாக உம்மைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதை விட்டுவிட்டு, அவ்வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுங்கள் என்று நிருவாகத்தாரை நோக்கி அவ்விருவரும் எழுதினர்.