வெளிநாட்டு விமானி உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்றல்

வெளிநாட்டு விமானி உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்றல் என்பது இந்தியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் ஐரோப்பிய விமான நிறுவனங்களில் விமானியாவதற்குக் கடக்க வேண்டிய நடைமுறை ஆகும். 1944 ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி, பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் வானூர்தியின் விமானிக்கு, அது பதிவான நாடே உரிமம் வழங்க வேண்டும் அல்லது பிற நாட்டு உரிமத்தை ஏற்க வேண்டும். எனவே இந்தியாவின் டி.ஜி.சி.ஏ. வழங்கிய உரிமம், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவருடையதாயினும், செருமனியில் பதிவான வானூர்திக்குத் தானாகச் செல்லாது.

மாற்றும் முறை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020/723 ஆம் எண் ஒழுங்குமுறை இதனை வரையறுக்கிறது. பறந்த அனுபவம் கணக்கில் கொள்ளப்படும். எழுத்துத் தேர்வுகளுக்கு விலக்கு இல்லை. ஏ.டி.பி.எல். எனப்படும் உயர்நிலை உரிமத்திற்கு 13 பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு பெற வேண்டும். முதல் தேர்விலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தும் முடிய வேண்டும். ஒரே பாடத்தில் நான்கு முறை தவறினால் எல்லாப் பாடங்களையும் மீண்டும் எழுத நேரிடும். வானிலையியலையும் வான்வழிச் செலுத்தலையும் இந்தியாவில் ஏற்கனவே எழுதித் தேறியவருக்கும் இதுவே விதி.

இந்திய ஏ.டி.பி.எல். உரிமமும் உரிய பறப்பு அனுபவமும், தேர்வு வானூர்திக்கான செல்லுபடியாகும் வகைத் தகுதியும் உடையவருக்குப் பயிற்சி வகுப்பிலிருந்து முழு விலக்கு கிடைக்கலாம். சுமார் 200 மணி நேரம் மட்டுமே பறந்த புதிய வணிக விமானிக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பது பயிற்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பொறுத்தது.

முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றையும் ஐரோப்பிய விதிப்படி புதிதாகப் பெற வேண்டும். தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது. இதில் தேறாவிடில் மற்றவை பயன்படா.

பிரித்தானியா 2021 முதல் தனி உரிமம் வழங்குகிறது. ஐரோப்பிய உரிமம் வேலை செய்யும் அனுமதி அன்று. அதற்கான நுழைவிசைவைத் தனியே பெற வேண்டும்.