ஐஇஎல்டிஎஸ்: பேச்சிலும் எழுத்திலும் அரை மதிப்பெண் நழுவுவது எங்கே?

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வு வழியாக விண்ணப்பிப்போர், கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்று பிரிவுகளில் தலா 7 மதிப்பெண்ணும், எழுதுதலில் 6.5 மதிப்பெண்ணும் பெற வேண்டும் என்பது அந்நாட்டு செவிலியர் மன்றத்தின் விதி. ஒட்டுமொத்த சராசரி 7.5 என்று வந்தாலும் எழுதுதலில் 6 மட்டுமே கிடைத்திருந்தால் அந்தச் சான்றிதழ் போதாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையிலும் நான்கு திறன்களும் தனித்தனியாகவே கணக்கிடப்படுகின்றன. கேரளத்தின் செவிலியர் கல்லூரிகள் முதல் பஞ்சாபின் பயிற்சி மையங்கள் வரை, அரை மதிப்பெண்ணுக்காக இரண்டாம், மூன்றாம் முறை தேர்வு எழுதுவோர் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு முறையும் கட்டணமாக ரூ.17,000-க்கும் அதிகமாகச் செலவாகிறது.

பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளுக்கும் உரிய இத்தேர்வு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 2021-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் தேர்வுப் பணிகளையும் ஐடிபி வாங்கிக்கொண்டது. கேட்டல், வாசித்தல் பிரிவுகளில் தலா 40 வினாக்கள். விடை சரி அல்லது தவறு, அவ்வளவுதான். பேசுதலும் எழுதுதலும் அப்படியல்ல. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர், வகுக்கப்பட்ட நான்கு அளவுகோல்களின்படி மதிப்பிடுகிறார். நான்குக்கும் சம எடை. முதலிரண்டு பிரிவுகளுக்குப் பயன்பட்ட 'மாதிரி வினாத்தாள், மாதிரி விடை' என்ற பயிற்சி முறை இங்கே கைகொடுக்காது. பல நேரங்களில் மதிப்பெண்ணைக் குறைத்தும் விடுகிறது.

பேசுதல்: 11 முதல் 14 நிமிடங்கள்

பேசுதல் தேர்வு மதிப்பீட்டாளருடன் நடக்கும் நேர்முக உரையாடல்; முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதல் பகுதியில் சொந்த ஊர், படிப்பு, வேலை, பழக்கவழக்கங்கள் குறித்து 4 அல்லது 5 நிமிடங்கள் கேள்விகள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தரப்படும். அதிலுள்ள தலைப்புக்கு ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, 2 நிமிடங்கள் வரை தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாம் பகுதி, அதே தலைப்பையொட்டிய பொதுவான விவாதம்.

சறுக்கல் பெரும்பாலும் மூன்றாம் பகுதியில் நேர்கிறது. மனதில் பதிந்த ஓர் ஆசிரியரைப் பற்றி இரண்டாம் பகுதியில் அழகாகப் பேசியவரிடம், 'இணையவழிக் கல்வி பரவினால் ஆசிரியரின் பங்கு எப்படி மாறும்?' என்று கேட்கப்படுகிறது. அவரோ மீண்டும் தன் பள்ளி ஆசிரியரின் கதைக்கே திரும்புகிறார். இங்கு எதிர்பார்க்கப்படுவது சொந்த அனுபவம் அன்று. ஒரு கருத்து, அதற்கான காரணம், தேவைப்பட்டால் மாற்றுப் பார்வை. கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் கிடையாது, பொது அறிவும் சோதிக்கப்படுவதில்லை. 'இதைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை, ஆனால்...' என்று தொடங்கி நியாயமாகப் பேசினாலே போதும். கேள்வி சரியாகக் கேட்கவில்லை என்றால் மீண்டும் சொல்லுமாறு கேட்பதும் குற்றமில்லை.

மனப்பாடம் செய்த பதில் எளிதில் பிடிபடும். அதுவரை தயங்கித் தயங்கிப் பேசியவர் திடீரெனத் தங்குதடையின்றி ஒப்பிக்கத் தொடங்கினால் குரலின் ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும். மதிப்பீட்டாளர் இடைமறித்து வேறு கேள்விக்குச் சென்றுவிடலாம். இரண்டாம் பகுதிக்கான ஒரு நிமிடத்திலும் முழு வாக்கியங்களை எழுத முயல்வது வீண். நான்கைந்து சொற்கள் போதும்: யார், எப்போது, என்ன நடந்தது, ஏன் மறக்கவில்லை.

உச்சரிப்பு குறித்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பிரிட்டிஷ் தொனியைப் போலி செய்ய வேண்டியதில்லை. தொனிக்கு மதிப்பெண் இல்லை, புரியும்படி பேசுவதற்கே மதிப்பெண். ஆனால் தாய்மொழியின் பழக்கம் சொல்லையே மாற்றிவிடும் இடங்களைக் கவனிக்க வேண்டும். இந்தி பேசுவோரில் சிலர் 'ஸ்கூல்' என்பதற்கு முன் ஓர் 'இ' சேர்ப்பார்கள். வங்காளிகளின் நாவில் 'வ' ஒலி 'ப' ஆகிவிடுவதுண்டு. தமிழருக்கோ வல்லின, மெல்லொலி வேறுபாடு. பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லையும் நம் எழுத்தில் 'பார்க்' என்று ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. நாவாவது அவற்றைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

எழுதுதல்: 60 நிமிடங்கள், இரண்டு பணிகள்

முதல் பணிக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250 சொற்கள். இரண்டாவதற்கு இரு மடங்கு எடை. முதல் பணிக்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 40 நிமிடம் என்பது பரிந்துரைக்கப்படும் பங்கீடு. எதை முதலில் எழுதுவது என்பது தேர்வரின் விருப்பம். எந்த வரிசையில் எழுதினாலும் கட்டுரைக்கான 40 நிமிடத்தில் கைவைக்கக் கூடாது.

அகாடமிக் பிரிவில் முதல் பணி வரைபடம், அட்டவணை, செயல்முறைப் படம் போன்றவற்றை விவரிப்பது. ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் அது ஒரு கடிதம். வரைபடத்தில் உள்ள எல்லா எண்களையும் வரிசையாக எழுதுவது பரவலான தவறு. ஒட்டுமொத்தமாக எது உயர்ந்தது, எது குறைந்தது, எது மாறவில்லை என்று சொல்லும் இரண்டு வாக்கியங்கள் இல்லாத விடை, எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் உயர் மதிப்பெண்ணை எட்டாது. ஏன் உயர்ந்தது என்ற ஊகம் இங்கே வேண்டாம்.

இரண்டாம் பணியான கட்டுரையில் மதிப்பெண் இழப்பு கேள்வியைப் படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 'புதிய சாலைகளைவிடப் பொதுப் போக்குவரத்துக்கே அரசு அதிகம் செலவிட வேண்டும். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' என்பது கேள்வி எனக் கொள்வோம். நகர நெரிசல், புகை, விபத்து என்று நான்கு பத்தி எழுதும் தேர்வர் போக்குவரத்தைப் பற்றி எழுதிவிட்டார், கேள்விக்கு விடை எழுதவில்லை. பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்பதில் அவர் நிலைப்பாடு என்ன? அது தொடக்கத்தில் தெரிந்து, முடிவு வரை மாறாமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் எழுதாமல் யோசிப்பது நேர விரயம் அன்று.

பயிற்சி மையங்கள் சில தரும் ஆயத்த வாக்கியங்களும் ஒரு பொறி. 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்', 'எ ப்ளெத்தோரா ஆஃப்' போன்றவை எந்தத் தலைப்புக்கும் பொருந்துபவை. அதனாலேயே எதற்கும் பொருந்தாதவை. மதிப்பீட்டாளர் இவற்றைத் தினமும் பார்க்கிறார். பத்திக்குப் பத்தி 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்று தொடங்குவதும் இயந்திரத்தனமான இணைப்பாகவே கருதப்படும்.

இலக்கணத்தில் இந்தியத் தேர்வர்களை அதிகம் வீழ்த்துவது 'எ', 'தி' என்ற சிறு சொற்கள். தமிழ், இந்தி போன்ற நம் மொழிகளில் அவற்றுக்கு நேர் இணை கிடையாது என்பதால் விடுபடுவது இயல்பு. 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகியவை நம் அலுவலகங்களில் யாரும் திருத்தாமல் விட்ட வழக்குகள். தேர்வில் பிழைகளாகவே எண்ணப்படும். 7 மதிப்பெண்ணுக்குப் பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்கிறது அளவுகோல். ஆகவே சுற்றி வளைத்து நீட்டிய வாக்கியத்தைவிடப் பிழையற்ற நடுத்தர வாக்கியமே பாதுகாப்பானது.

பயிற்சியைப் பொறுத்தவரை, பத்துப் புதிய கட்டுரைகள் எழுதுவதைவிட ஒரே கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதுவது பயன்தரும். பேச்சுக்குக் கைபேசியே போதும். 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து, மறுநாள் அதைக் கேட்டு எழுத்தில் இறக்கினால், ஒரே சொல் எத்தனை முறை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறோம் என்பது தெரியும். மதிப்பீட்டு அளவுகோல்கள் ஐஇஎல்டிஎஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிழை காட்ட உதவும். அவை தரும் மதிப்பெண்ணை நம்பித் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஒரு பிரிவில் மட்டும் மதிப்பெண் குறைந்தால், கணினி வழியில் தேர்வு எழுதியவர்கள் 60 நாள்களுக்குள் அந்தப் பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் வசதி இந்தியாவில் உள்ளது. எல்லா நிறுவனங்களும் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை என்பதால், விண்ணப்பிக்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டில் ஐயம் இருந்தால் தேர்வு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் மறுமதிப்பீடு கோரலாம். மதிப்பெண் உயர்ந்தால் அதற்கான கட்டணம் திருப்பித் தரப்படும். பல்கலைக்கழகங்களும் குடியேற்ற அமைப்புகளும் இத்தேர்வு முடிவை பொதுவாக 2 ஆண்டுகள் வரையே ஏற்கின்றன.