கல்லில் வெட்டிய கடல் நீதி



மத்தியதரைக் கடலிலே மால்டா என்றொரு சிறிய தீவு நாடு. உரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட பவுல் அடிகளாரின் கப்பல் அதன் கரையில் உடைந்தது என்கிறது விவிலியம். கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் தப்பினர். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களைத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நமது நயினாதீவு நினைவுக்கு வந்தது. உடைந்த கப்பல்களைப் பற்றி அங்கேயும் ஒரு கல் பேசுகிறது.

குறிகட்டுவானில் படகேறி நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரில் எத்தனை பேர் அந்தக் கோயிற் கல்வெட்டின் முன் நின்றிருப்போம்? அதைப் பொறிப்பித்தவன், பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. மன்னன் சிங்கள மன்னன். ஆணையின் மொழியோ தமிழ். கடற்றுறையில் வழங்கிய மொழியிலேயே கடற்றுறையின் சட்டத்தை எழுதுவித்தான். இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டவர் பேராசிரியர் கா. இந்திரபாலா.

ஆணை சொல்வது இதுதான்: பரதேசிகள் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால், பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பலானால் இருவருக்கும் சரிபாதி.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. 'கேய்ட்ஸ்' என்ற அதன் மறுபெயர், துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலும் யானைகள் ஏறிய துறை அது.

அந்நாளில் கரை ஒதுங்கியதெல்லாம் அரசனுக்கே என்பதே பல கடற்கரைகளில் வழக்கம். ஆந்திர தேசத்து மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் அவ்வழக்கத்தை விலக்கி அபய சாசனம் வெட்டுவித்தது 1244இல். நயினாதீவுக் கல் அதற்கும் முற்பட்டது. பராக்கிரமபாகு இதை வெறும் இரக்கத்தால் செய்யவில்லை. யானையிலும் குதிரையிலும் தனக்கு விருப்பம் உண்டென்று ஆணையிலேயே ஒளிவின்றிச் சொல்கிறான். அந்நியன் அச்சமின்றி வந்தால்தான் துறை வாழும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

சூரிய சந்திரர் உள்ளவரை இந்த ஒழுங்கு நிலைக்க வேண்டும் என்கிறது கல். ஆனால் 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிவந்த குமுதினிப் படகு இதே கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பரதேசிகள் அல்லர். இந்தக் கடலுக்கே உரியவர்கள்.

அடுத்தமுறை அம்மனைத் தரிசிக்கச் செல்லும்போது, அந்தக் கல்லையும் ஒருகணம் நின்று பாருங்கள், நேயர்களே. முகமறியாத அந்நியனுக்கும் இந்தக் கடலில் ஒருகாலம் காவல் இருந்தது என்பதற்கு அது சாட்சி.