திங்கட்கிழமை இருமல்

பணி ஓய்வுக்குப் பிறகு என் மனைவியின் ஊரான செட்டியார்பட்டிக்கு வந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். இங்கே எல்லோருக்கும் நான் 'பாண்டிச்சேரி அண்ணாச்சி'.

காலையில் டீக்கடையில் என்னோடு உட்காரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். டீயை ஒரு வாய் குடிப்பார், கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார், பிறகு அடுத்த வாய். 'ஆஸ்துமா' என்று மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம லீவுல நல்லாத்தான் இருப்பேன் அண்ணாச்சி. திங்கக்கெழம மில்லுக்குள்ள போய் ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். செவ்வாக்கெழம சரியாப் போயிரும். பின்னாடி செவ்வாயும் சரியாகல, புதனும் சரியாகல."

எனக்குக் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. இதே சொற்களை ஐம்பது வருடத்துக்கு முன்பு என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்பா புதுச்சேரியின் மூன்று பெரிய பஞ்சாலைகளில் ஒன்றில் வேலை பார்த்தவர். சிறுவனாக உள்ளே போனவர். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா வாசலிலேயே ஒரு துண்டு வைத்திருப்பார். கூடவே ஒரு கட்டி வெல்லம். வெல்லம் தின்றால் தொண்டையில் இறங்கிய பஞ்சு போய்விடும் என்று ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை. இங்கே இராஜபாளையத்திலும் அதையே சொல்கிறார்கள்.

அப்பா அடிக்கடி சொன்ன வருடம் 1936. அப்போது அவருக்குப் பதினாறு வயது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று ஆலைகள். வேலை நேரம் பத்து மணிக்கும் மேல். சங்கம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் திரண்டார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். இன்றும் புதுச்சேரியில் ஜூலை 30 தியாகிகள் தினம்.

அந்த வருடம் பிரான்சிலும் பெரிய வருடம்தான். லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு ஜூன் மாதம் பதவிக்கு வந்தது. ஆலைகளை நிரப்பி உட்கார்ந்த தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும், சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. பாரிசில் அப்படி, புதுச்சேரியில் துப்பாக்கியா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. சுப்பையா கப்பலேறிப் பாரிசுக்கே போய்ப் பேசினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் ஆணையாக வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை இரண்டும் அதில் இருந்தன. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் பெற்றது நாங்கள்தான் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த ஊர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியதும் அதே 1936-இல்தான். அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1934-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன்படி ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். அது 9 மணியாகவும் 48 மணியாகவும் குறைந்தது 1946-இல். ஒரே பஞ்சு, ஒரே இயந்திரம். எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு கணக்கு, அந்தப்பக்கம் ஒரு கணக்கு.

எட்டு மணி நேரம் வந்ததைப் பற்றி அப்பா பேசும்போது முகம் மலரும். ஆனால் அந்த எட்டு மணி நேரமும் அவர் சுவாசித்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கடிகாரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சங்கு ஊதினால் ஊருக்கே கேட்கிறது. ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினால் சண்டை போடலாம். தூசியோடு யார் சண்டை போடுவது?

பள்ளியில் எங்களுக்கு எமில் சோலாவின் 'ழெர்மினால்' நாவலிலிருந்து பகுதிகள் பாடமாக இருந்தன. அதில் ஒரு கிழவர் வருவார். ஐம்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர், கறுப்பாகத் துப்புவார். வகுப்பில் அதை வாசித்துவிட்டுப் பிரெஞ்சுச் சுரங்கத் தொழிலாளிக்காக மிகவும் வருந்தினேன். வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அப்பா இருமிக்கொண்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அன்று வரவில்லை. பஞ்சு வெள்ளையாக இருக்கிறதே! வெள்ளையாக இருப்பது நுரையீரலைத் தின்னும் என்று யாருக்குத் தோன்றும்?

அப்பா 1974-இல் இறந்தார். மருத்துவர் எழுதிய காகிதத்தில் 'ஆஸ்துமா' என்று இருந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவரை எந்த மருத்துவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1700-ஆம் வருடத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார். சணலும் ஆளியும் சிக்கெடுப்பவர்கள் இருமுவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்த நோயின் பெயரை நான் தெரிந்துகொண்டது பிற்பாடு, 1990-களில். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆலைகளிலிருந்து வரும் வருடாந்தர அறிக்கைகளைத் தொகுத்து மேலே அனுப்புவது என் மேசையின் வேலைகளில் ஒன்று. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 'அறிவிக்கத்தக்க நோய்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்த நோய் கண்டால் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஈயம், பாதரசம், சிலிக்கோசிஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் 'பிசினோசிஸ்' என்று ஒரு பெயர். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இருந்தது. அதாவது, இது நிரூபணமானால் விபத்தில் கையை இழந்தவரைப் போல நஷ்டஈடு கேட்கலாம்.

பஞ்சோடு வரும் இலைத்துணுக்கு, காய்த்தோல், அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் நச்சு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழலை இறுக்குகின்றன. புளோரூமும் கார்டிங்கும்தான் மோசமான இடங்கள். வார விடுமுறைக்குப் பிறகு முதல் வேலைநாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். அதற்குப் பிறகு வேலையை விட்டாலும் மூச்சு திரும்பாது. 1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்தத் திங்கட்கிழமைக் கேள்வியை வைத்தே நோயைப் படிப்படியாகப் பிரித்தார். இங்கிலாந்தில் 1941-லேயே, கடுமையான நிபந்தனைகளோடுதான் என்றாலும், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு இதற்கான நஷ்டஈட்டுத் திட்டம் இருந்தது. எட்டு மணி நேரத்துக்காகப் பன்னிரண்டு பேர் செத்து ஐந்தே வருடம்!

இனி என் பங்குக்கு வருகிறேன். அந்த அறிக்கைகளில் தொழில்நோய் பற்றிய பத்தி ஒவ்வொரு வருடமும் 'நில்' என்றே வந்தது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் 'இன்மை அறிக்கை' என்பார்களே, அதுதான். நானும் கூட்டிக் கழித்து 'நில்' என்று தட்டச்சு செய்து, அதிகாரியின் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஆயிரக்கணக்கானவர் வேலை செய்யும் ஊரில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை! அப்பாவின் இருமல் அப்போதும் என் காதில் இருந்தது. கேட்டிருக்கலாம். ஒரு குறிப்பாவது எழுதி வைத்திருக்கலாம். எழுத்தனுக்கு எதற்கு இந்த வேலை என்று இருந்துவிட்டேன். ஆலைக்காரர் எழுதினார், நான் தொகுத்தேன், அதிகாரி கையெழுத்திட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைசியில் போய்ச் சேர்ந்தது பொய்.

ஓய்வு பெற்ற பிறகு, இதே நோயை அமெரிக்காவில் எப்படிக் கையாண்டார்கள் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கரோலினா மாநிலங்களின் ஆலை முதலாளிகளும், எங்கள் ஆலைகளில் இப்படி ஒரு நோயே இல்லை என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 1975-இல் வேலையை விட்ட, மூச்சு வாங்கும் கிழவர்களும் கிழவிகளும் கூடி 'பழுப்பு நுரையீரல் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர் ஊராக மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். யார் எத்தனை வருடம் எந்தப் பிரிவில் இருந்தார், இப்போது எவ்வளவு மூச்சு விட முடிகிறது என்று எழுதி வைத்தார்கள். நெசவாலைத் தொழிற்சங்கமும் சேர்ந்து அழுத்தியது. 1978-இல் அரசு விதி வந்தது: நூல் நூற்கும் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது. செலவு தாங்காது என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தொழிலாளியின் உடல்நலத்தை லாப நஷ்டத் தராசில் நிறுத்த வேண்டியதில்லை, செய்ய முடிந்ததைச் செய்தாக வேண்டும் என்று 1981 ஜூனில் தீர்ப்பு வந்தது. இயந்திரங்கள் மாறின, நோயும் வெகுவாகக் குறைந்தது.

அங்கே வேலைநிறுத்தத்தைவிட அந்தக் கணக்கெடுப்புதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. தூசியை எதிர்த்துச் சண்டை போட வேண்டுமானால், முதலில் அதை எண்ணாக்கித் தாளில் எழுத வேண்டும். அரசு தானாக எழுதாது, ஆலையும் எழுதாது. சங்கம்தான் எழுதவைக்க வேண்டும். எங்கள் புதுச்சேரிச் சங்கங்கள் நேரத்துக்காக உயிரைக் கொடுத்தன. போனசுக்காக, பஞ்சப்படிக்காக வருடக்கணக்கில் போராடின. மூச்சுக்காக ஒரு கோரிக்கைப் பட்டியலைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. 'நில்' போட்டவன் நான்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு விபத்து என்றால் நாடே திரும்பிப் பார்க்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கருகியதை யாரும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு வேறொன்றையும் சொல்கிறது. உலகில் வேலையின் காரணமாக வருடத்துக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் சுமார் 26 லட்சம் பேர் விபத்தில் அல்ல, நோயில் போகிறவர்கள். வெடிச்சத்தம் இல்லாமல், வீட்டுக் கட்டிலில், 'ஆஸ்துமா' என்ற பெயரோடு. 2022 ஜூனில் அந்த நிறுவனம், பாதுகாப்பான, உடல்நலத்துக்குக் கேடில்லாத பணியிடம் என்பதைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஏப்ரல் 28 உலகமெங்கும் இதற்கான நாள். முதலில் கனடாவின் தொழிற்சங்கத்தார், வேலையால் இறந்தவர்களை நினைக்க 1984-இல் தொடங்கியது அது.

ஜெனீவாவில் எழுதியது செட்டியார்பட்டிக்கு எப்போது வரும்? இங்கேயும் தளவாய்புரத்திலும் பெரிய ஆலைகளைவிடச் சிறு சிறு தறிக்கூடங்களும் நைட்டி தைக்கும் கூடங்களும்தான் அதிகம். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான காஸ், பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். உலகத்தின் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடும் துணி! வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள், கோபமோ என்று நினைத்தேன். விசைத்தறிச் சத்தத்தில் காது போனவர்கள் என்று பிறகுதான் புரிந்தது. சத்தத்தால் காது மந்தமாவதும் அதே மூன்றாம் அட்டவணையில் இருந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது 'தொழிற்சாலை' என்றது 1948 சட்டம். 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக்கியது. நாலு பேர் ஓட்டும் தறிக்கூடத்துக்குப் பதிவேடும் இல்லை, பத்தியும் இல்லை. 'நில்' என்று எழுதக்கூட இடமில்லை.

என் டீக்கடை நண்பருக்கு வருவோம். அவர் அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முந்திய இரவு, ஒரு வெள்ளைத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம், திங்கட்கிழமை என்ன செய்தது, எப்போது முதல் எல்லா நாளும் அப்படி ஆனது. கீழே அவர் கையெழுத்து. மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு, குழாயில் ஊதச் சொல்லும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாராம்.

"இத்தன வருசத்துல அவரு எங்கிட்ட மில்லப் பத்திக் கேட்டது இதான் மொத தடவ அண்ணாச்சி" என்றார்.

அதனால் அவர் மூச்சு திரும்பிவிடாது. நஷ்டஈடு கிடைக்குமா என்பது வேறு விஷயம், அதற்குக் காலக்கெடுவும் நிபந்தனைகளும் பல. ஆனால் அவருடைய சீட்டில் இப்போது 'பஞ்சாலை, கார்டிங்' என்று எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் மில்லிலோ தறியிலோ இருந்தவர் யாராவது இருமிக்கொண்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே வேலையைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், பேருந்து நிறுத்தத்தில் பாண்டிச்சேரி அண்ணாச்சி வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். எழுத்து வேலை எனக்குப் பழக்கம்தான்.