ஒன்பது நாள் இழுபறி

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சி சுட்டுக் கொன்றதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். செங்கோட்டை வாஞ்சியும் தென்காசியில் கூடிய இரகசியக் கூட்டங்களும் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஆஷ் துரை மேல் இந்தச் சீமைக்கு அவ்வளவு ஆத்திரம் எப்படி மூண்டது? அதைச் சொல்லாமல் துப்பாக்கிச் சத்தத்துக்குப் போவது முறையல்ல. மூன்றாண்டு பின்னே போவோம், தூத்துக்குடி கோரல் மில் வாசலுக்கு.

ஹார்வி என்ற பெயரைத் தென்காசி, குற்றாலம் பக்கத்தாருக்கு விளக்க வேண்டாம். பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையில் பஞ்சாலை ஓட்டிய அதே ஹார்வி கம்பெனிதான் கோரல் மில்லையும் நடத்தியது. அங்கே விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வேலை. ஞாயிறும் வேலை நாள்தான். கூலியோ அரை வயிற்றுக்குக் காணாது. பிப்ரவரி 1908-இல் வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் இந்த ஜனங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். 27-ஆம் தேதி ஆலை நின்றது.

இனி யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் கேள்வி. நிர்வாகம் பேச மறுத்தது. பசி இவர்களை நாலு நாளில் உள்ளே தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டது. பணம் உள்ள முதலாளி காத்திருப்பான், அன்றாடம் கூலி வாங்கி அடுப்பு மூட்டுகிறவன் எத்தனை நாள் தாங்குவான்? எல்லா வேலைநிறுத்தத்திலும் முதலாளி பக்கத்து ஆயுதம் இந்தக் காத்திருப்புதான். அதை வ.உ.சி. முறித்த விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஊரில் பணம் திரட்டினார். வேலையை விட்டு வந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே வேறு வேலை தேடிக் கொடுத்தார். அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கழுத்தை வெள்ளைக்காரக் கம்பெனி நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நெருக்கடியிலும் இதைச் செய்தார்.

பிறகு ஊரே இதில் இறங்கியது. மில் பக்கம் பேசிய வக்கீல் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தாராம். பேச்சு வேலைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியது. அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் நாவிதர் பாதி முகத்தோடு கத்தியை மடித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். முழுச் சவரத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. ஒரு நாள் கூலியை உதறிவிட்டுப் போன அந்த மனிதரின் பெயரை எந்த ஏட்டிலும் நான் பார்த்ததில்லை. என் கணக்கில் அன்றைய கலெக்டர் விஞ்ச் துரை, ஆஷ் துரை வகையறா எல்லாரையும்விட அவர்தான் பெரிய மனிதர்.

மார்ச் 6 அன்று மில்லின் தலைமைக் குமாஸ்தா வ.உ.சியைத் தேடி வந்தார். ஐம்பது தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு வ.உ.சி. நிர்வாகிகளைச் சந்தித்தார். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை மூன்றுக்கும் நிர்வாகம் தலையசைத்தது. கல்கத்தாவிலிருந்து அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ பத்திரிகை பாராட்டி எழுதியது.

அரசாங்கம் தாங்கிக்கொள்ளவில்லை. மார்ச் 12-இல் வ.உ.சி., சிவா, அவர்கள் தோழர் பத்மநாப அய்யங்கார் மூவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் விழுந்தார்கள். தூத்துக்குடியில் தடையும் கெடுபிடியுமாக நின்றவர் ஆஷ். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தீர்ப்பில் எழுதப்பட்ட குற்றம் ராஜத்துரோகம். ஆனால் கப்பல் விட்டதற்கும் ஆலையை நிறுத்தி ஜெயித்ததற்கும் சேர்த்துக் கொடுத்த தண்டனை அது என்பதே என் முடிவு.

வாஞ்சியின் கதையை அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கைதுச் செய்தி கேட்டதும் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலி கேட்டல்ல, தங்கள் தலைவரைக் கேட்டு. திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் நின்றது அந்த ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது.